ராஜா எங்கே நின்றார்?

ஒரு சதுரங்கப் பலகை. அதில் நான்கே நான்கு காய்கள் கண்ணுக்குத் தெரிகின்றன. கறுப்பு ராஜா டி1-ல். கறுப்புக் கோட்டை பி5-ல். கறுப்பு மந்திரி டி5-ல். வெள்ளைக்கு ஒரே ஒரு மந்திரி, அது ஏ4-ல். வெள்ளை ராஜாவும் பலகையில்தான் இருக்கிறார், ஆனால் மாயமாக மறைந்து நிற்கிறார். அவர் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்?

வீட்டில் பலகை இருந்தால் அடுக்கிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு தாளில் 64 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி என்று எச் வரை எட்டுப் பத்திகள். அவர் மடியருகிலிருந்து எதிரே 1 முதல் 8 வரை எட்டு வரிசைகள். விடையைக் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

இந்தப் புதிர் ரேமண்ட் ஸ்மல்லியன் என்ற அமெரிக்கருடையது. 1919-ல் பிறந்து 2017-ல் மறைந்தவர். தர்க்கவியல் பேராசிரியர், மேடையில் மந்திர வித்தை காட்டியவர், பியானோ வாசித்தவர். சதுரங்க மர்மங்களை ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறிவதாக 1979-ல் ஒரு புத்தகம் எழுதினார். 1981-ல் வந்த இரண்டாவது புத்தகத்தில் அரேபியக் கதைகளின் ஹாரூன் அல் ரஷீத்தான் நம்முடைய மறைந்துபோன வெள்ளை ராஜா.

வழக்கமான சதுரங்கப் புதிர் முன்னோக்கிப் பார்க்கும்: இன்னும் இரண்டு நகர்வில் செக்மேட் வைக்க முடியுமா? ஸ்மல்லியனுடையது பின்னோக்கிப் பார்க்கும்: இந்த நிலைக்கு ஆட்டம் எப்படி வந்து சேர்ந்தது? வந்து சேர வழியே இல்லையென்றால், பலகையில் காய்கள் எவ்வளவு அழகாக நின்றாலும் அது பொய்யான நிலை. இது புதிர்க்காரர்கள் கற்பனை செய்துகொண்ட வரையறை அல்ல. உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் ஆட்ட விதிகளே சொல்கின்றன: விதிப்படியான நகர்வுகள் எவற்றாலும் அடைய முடியாத நிலை, விதிக்குப் புறம்பான நிலை. அதாவது ஒரு நிலை செல்லுமா செல்லாதா என்பதை அதன் தோற்றம் தீர்மானிப்பதில்லை. அது வந்த வழிதான் தீர்மானிக்கிறது.

சென்ற பள்ளி விடுமுறையில் இந்தப் புதிரை கோலா தெர்லா பிள்ளைகள் முன்னால் வைத்தேன். கேமரன் மலையில் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிற ஊர். தேயிலைத் தோட்டக் குடும்பங்களும் காய்கறித் தோட்டக் குடும்பங்களும் வாழ்கிற இடம். அம்மா பிறந்த மண் என்பதால் எனக்கு அங்கே போக எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். இந்த முறை கிடைத்த காரணம், பிள்ளைகளுக்கான ஒரு சின்னச் சதுரங்கப் போட்டியில் ஒலிவாங்கி பிடிக்கும் வேலை. வானொலியில் பேசுகிறவள் என்றால் ஊரில் எந்த நிகழ்ச்சிக்கும் இலவச அறிவிப்பாளர்தானே.

"வெள்ளை ராஜா எங்கே?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "கம்போங் ராஜாவுல இருக்காருக்கா!" என்றான். மண்டபமே சிரித்தது.

காய்களின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மூலையில் நிற்பதை நாங்கள் கோட்டை என்கிறோம். தமிழ்நாட்டில் அதுதான் யானை. மலாயில் யானை, அதாவது காஜா, மந்திரியின் இடத்தில் நிற்கும். மெந்தெரி என்று தேடினால் ராணியின் இடத்தில் இருக்கும். கோட்டைக்கு மலாயில் திர் என்று ஒரு பழைய பெயர் உண்டு. அது நம் 'தேர்'தான் என்று சதுரங்க வரலாற்றை எழுதிய மர்ரே 1913-லேயே குறித்திருக்கிறார். கோலா தெர்லா பிள்ளைகள் மூன்று பெயர்களையும் கலந்தடித்துத்தான் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

முதலில் எளிதான நிலைகளைப் பார்ப்போம். வெள்ளைச் சிப்பாய் ஒன்று முதல் வரிசையில் நிற்கிறது. செல்லாது, சிப்பாய் பின்னால் நடக்காது. வெள்ளை மந்திரி ஏ1 மூலையில், பி2-ல் அதன் சொந்தச் சிப்பாய். இது குற்றமற்றதாகத் தெரியும், ஆனால் செல்லாது. ஏ1-க்குப் போக மந்திரிக்கு இருக்கிற ஒரே வாசல் பி2. அந்த வாசலில் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே அசையாத சிப்பாய் நிற்கிறது. அந்த மந்திரி எப்படி உள்ளே போயிருக்கும்?

இப்போது எதிர்ப்பக்கம். ஏ பத்தியில், 2-லிருந்து 7 வரை, வரிசையாக ஆறு வெள்ளைச் சிப்பாய்கள். ரயில் பெட்டி மாதிரி நிற்கின்றன. பார்த்தவுடன் "சான்ஸே இல்லை" என்பீர்கள். கணக்குப் போடுங்கள். சிப்பாய் பத்தி மாற வேண்டுமானால் எதிரியின் காயை வெட்டித்தான் மாற முடியும். ஏ சிப்பாய்க்கு வெட்டு தேவையில்லை. பி சிப்பாய்க்கு ஒன்று, சி-க்கு இரண்டு, டி-க்கு மூன்று, ஈ-க்கு நான்கு, எஃப்-க்கு ஐந்து. மொத்தம் 15. கறுப்பிடம் ராஜாவைத் தவிர இருப்பது எத்தனை காய்கள்? சரியாக 15! எனவே இந்த நிலை செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை: கறுப்பு ராஜாவைத் தவிர வேறு எந்தக் கறுப்புக் காயும் பலகையில் இருக்கக்கூடாது. ஓரத்தில் ஒரே ஒரு கறுப்புச் சிப்பாயை வைத்துவிட்டால்கூட அத்தனையும் பொய்யாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். எனக்கும் முதன்முறை அப்படித்தான் எண்ண வேண்டியிருந்தது.

ஆளுக்கு ஒன்பது ராணிகள்? அதுவும் நடக்கலாம். சிப்பாய்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக இரு தரப்பிலும் சில காய்களை இழந்தால் போதும், பதினாறு சிப்பாய்களும் ராணியாகலாம். ஆக, விசித்திரமாகத் தெரிவதெல்லாம் பொய்யில்லை, சாதாரணமாகத் தெரிவதெல்லாம் மெய்யுமில்லை. ஜான் டிரொம்ப் என்ற கணினி அறிவியலாளர் இதை எண்ணிக்கையாகவே பார்த்தார். மேலோட்டமான விதிகளுக்கு உட்பட்ட நிலைகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து லட்சத்தை எடுத்துச் சோதித்தார். உண்மையான ஆட்டத்தில் வந்திருக்கக்கூடியவை நூற்றுக்கு ஐந்தாறுதான். அதை வைத்து அவர் மதிப்பிட்ட மொத்தச் செல்லுபடியான நிலைகள் 48-க்குப் பின்னால் 43 பூஜ்யங்கள்.

ஊடகவியல் படித்த காலத்தில், ஒரு படத்தைப் பார்த்தால் "இது எப்படி எடுக்கப்பட்டிருக்கும்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் போகவில்லை. சினிமாவிலும் விளம்பரத்திலும் சதுரங்கப் பலகை வந்தால் என் கண் உடனே ஆடுபவரின் வலக்கை மூலைக்குப் போகும். அங்கே வெள்ளைக் கட்டம் இருக்க வேண்டும். எத்தனை கதாநாயகர்கள் பலகையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அறிவாளியாக யோசிக்கிறார்கள் தெரியுமா? எண்ணிப் பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு.

சரி, மறைந்த ராஜாவுக்கு வருவோம்.

ஏ4-ல் இருக்கிற வெள்ளை மந்திரியின் குறுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள்: பி3, சி2, டி1. கோட்டின் முடிவில் கறுப்பு ராஜா நிற்கிறார். அவருக்குச் செக். வெள்ளை ராஜா நடுவில், பி3-லோ சி2-லோ நின்று மறைத்தால்தான் செக் இல்லை. சி2-ல் நிற்க முடியாது. இரண்டு ராஜாக்கள் உரசிக்கொண்டு நிற்க விதியில்லை. பி3-ல் நின்றால் மேலிருந்து கறுப்புக் கோட்டையும் குறுக்கே கறுப்பு மந்திரியும் ஒரே நேரத்தில் அவரைத் தாக்கும். இப்படி இரட்டைச் செக் வருவதற்கு வழி தெரியவில்லை. எனவே அவர் வேறெங்கோ இருக்கிறார், கறுப்பு ராஜா செக்கில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

அந்தச் செக்கை வைத்தது வெள்ளையின் கடைசி நகர்வு. எந்தக் காய் நகர்ந்தது? மந்திரியா? அது பி3, சி2 வழியாக வந்திருந்தால் ஏற்கெனவே செக் வைத்தபடிதான் இருந்திருக்கும். இன்னொரு குறுக்குக் கோட்டில் பி5-ல் கறுப்புக் கோட்டை வழியை அடைத்து நிற்கிறது. மந்திரி நகரவேயில்லை. அப்படியானால் நடுவில் நின்ற ஏதோ ஒரு வெள்ளைக் காய் விலகியதால்தான் செக் திறந்தது. வெள்ளையிடம் மீதமிருக்கும் ஒரே காய் ராஜா. அவர் எங்கிருந்து விலகினார்? சி2 ஆகாது. மிச்சம் பி3. எந்தக் கட்டம் நடக்காது என்று தள்ளினோமோ அதே கட்டத்தில், இரட்டைச் செக்கில், அவர் ஒரு நகர்வுக்கு முன்னால் நின்றிருக்கிறார்!

மண்டபம் இந்த இடத்தில் அமைதியானது. இதை விளக்க ஒரே ஒரு விதிதான் உதவும். சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் தாவி எதிரிச் சிப்பாயின் பக்கத்தில் போய் நின்றால், எதிரிச் சிப்பாய் உடனே, அடுத்த நகர்விலேயே, அதை ஒரு கட்டம்தான் நடந்தது போலக் கருதி வெட்டலாம். பிரெஞ்சுப் பெயர் ஆன் பாஸான். நம் பேச்சில் சொன்னால், போகிற போக்கில் வெட்டுவது. சதுரங்கத்தில் வெட்டுகிற காயும் வெட்டுப்படுகிற காயும் வேறு வேறு கட்டங்களைக் காலி செய்வது இந்த ஒரு வெட்டில் மட்டும்தான்.

நடந்தது இதுதான். வெள்ளை ராஜா பி3-ல், வெள்ளைச் சிப்பாய் சி2-ல். பி4-ல் ஒரு கறுப்புச் சிப்பாய், அதன் பின்னால் கோட்டை. கறுப்பு மந்திரி டி5-க்கு வந்து செக் வைத்தது. வெள்ளை, சிப்பாயை சி2-லிருந்து சி4-க்குத் தள்ளிக் குறுக்கே மறைத்தது. கறுப்புச் சிப்பாய் அதைப் போகிற போக்கில் வெட்டி சி3-க்கு வந்தது. ஒரே நகர்வில் பி4 காலி, சி4-ம் காலி. கோட்டைக்கும் வழி, மந்திரிக்கும் வழி. ராஜா தப்பிக்க சி3-ல் இருந்த அந்தச் சிப்பாயை வெட்டினார். அவர் விலகியதும் ஏ4 மந்திரியின் கோடு திறந்து கறுப்பு ராஜாவுக்குச் செக். வெள்ளை ராஜா இப்போது நிற்பது சி3.

இரண்டு காய்கள் பலகையை விட்டுப் போய்விட்டன, ஆனாலும் அவை நடந்த தடம் மிச்சக் காய்களில் இருக்கிறது. எனக்கு இந்தப் புதிரில் பிடித்தது அதுதான்.

இன்னொன்றும் உண்டு. நம் முன்னோர் ஊர்களில் ஆடிய சதுரங்கத்தில் இந்த விடை எடுபடாது. பழைய இந்திய ஆட்டமுறையில் பல இடங்களில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். தாவல் இல்லாத இடத்தில் போகிற போக்கில் வெட்டவும் வேலையில்லை. 1814-ல் பம்பாயில் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி என்பவரின் சதுரங்க நூல் ஆங்கிலத்தில் அச்சானது. சமஸ்கிருத மூலத்திலிருந்த ஆட்ட நிலைகளை 'ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப' மாற்றியது என்று தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். பஞ்சாபிலிருந்து போய் 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியனான மீர் சுல்தான் கானும் இந்திய முறையில் வளர்ந்து பிறகு மேற்கத்திய விதிகளைக் கற்றவர்தான். ஆக, ஒரு நிலை செல்லுமா என்று கேட்டால், எந்தக் காலத்து விதிப்படி என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

அன்று மாலைப் போட்டியில் இதெல்லாம் விளையாட்டாக இல்லாமல் போனது.

வேக ஆட்டம், நகர்வுகளை யாரும் எழுதவில்லை. பாதி மேசைகளில் கடிகாரமும் இல்லை. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு சிறுமி, அதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் வென்றவள், கடைசிச் சுற்றில் ஒரு பையனுடன் ஆடினாள். திடீரென்று சத்தம். போய்ப் பார்த்தால் பலகையில் இரண்டு ராஜாக்களும் செக்கில் நிற்கிறார்கள். "அவன்தான்க்கா கடைசியா நகர்த்துனான்" என்கிறாள் அவள். "இல்ல, அவதான்" என்கிறான் அவன்.

கடைசியாக நகர்த்தியது யார் என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. தன் ராஜாவைச் செக்கில் விட்டுவிட்டு நகர்வை முடிக்கக்கூடாது என்பது அடிப்படை விதி. இரண்டு ராஜாக்களும் செக்கில் இருந்தால், கடைசியாக நகர்த்தியவர் நிச்சயம் விதியை மீறியிருக்கிறார். ஆனால் அது யார்? காலையில் நான்கு காய்களை வைத்துக்கொண்டு மறைந்த ராஜாவையே கண்டுபிடித்தோமே, இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்று பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். முடியாது. பின்னோக்கிய தர்க்கம் முழுவதும், இருவரும் விதிப்படியே ஆடினார்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒரே ஒரு தப்பு நகர்வு நுழைந்துவிட்டால் எந்தக் காயும் எங்கிருந்தும் வந்திருக்கலாம். தடம் கலைந்துவிடும்.

நகர்வுகளை எழுதுகிற நீண்ட ஆட்டங்களில் இந்தச் சிக்கல் இல்லை. தவறு நடப்பதற்கு முந்தைய நிலைக்குத் திரும்பிப் போய்த் தொடர வேண்டும் என்கிறது விதி. வேக ஆட்ட விதிகள் வேறு மாதிரி. ஒருவர் தவறாக நகர்த்தி, எதிராளி கவனிக்காமல் அடுத்த நகர்வைச் செய்துவிட்டால், இருவரும் ஒத்துக்கொண்டாலொழிய முந்தைய தவறைத் திருத்த முடியாது. ராஜாவையும் ராணியையும் இடம் மாற்றி அடுக்கித் தொடங்கியிருந்தாலும் இருவரும் பத்து நகர்வுகள் ஆடி முடித்துவிட்டால் கேள்வி கேட்க முடியாது. கோட்டை கட்டும் உரிமை மட்டும் போய்விடும். இரு ராஜாக்களும் செக்கில் இருப்பதை நடுவர் கண்டால், இன்னொரு நகர்வு முடியும்வரை பொறுத்து, அப்போதும் விதிக்குப் புறம்பான நிலை நீடித்தால் ஆட்டம் சமன். எங்கள் நடுவர் அந்த விதியைத்தான் துணைக்கு எடுத்தார். யாருடைய முறை என்பதே தெரியாததால் ஆளுக்கு அரைப் புள்ளி என்றார். வேறு வழியில்லை, சரியான தீர்ப்புதான். சிறுமிக்கு முதல் பரிசு அந்த அரைப் புள்ளியில் போனது.

அவள் அழவில்லை. பாட்டியின் மடியருகில் போய் உட்கார்ந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிக்குச் சதுரங்கம் தெரியாது. என்னிடம், "எழுதி வெச்சிருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்க இல்ல தாயி?" என்று மட்டும் கேட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பது தேநீர் குடிக்கும்போது தெரிந்தது. பாட்டி 1960-ல் தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இந்நாட்டில் பிறந்தவர்கள், பொதுவாக, பிறந்த காரணத்தாலேயே குடிமக்கள் என்கிறது நம் அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. ஆனால் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட அவரிடம் தாள் இல்லை. பிறப்பை யாரும் பதியவில்லை. ஐம்பது வயது தாண்டும்வரை சிவப்பு அடையாள அட்டை. கொழுந்து பறித்த கைகள், தோட்டத்தில் பெற்று வளர்த்த பிள்ளைகள், அக்கம்பக்கத்தாரின் சாட்சி எல்லாம் இருந்தும், ஒவ்வொரு முறையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: நீங்கள் இங்கே எப்படி வந்தீர்கள்?

சதுரங்கப் புதிர் அமைப்பவர்களுக்கு உலக அளவில் ஓர் ஒழுங்குநெறி இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு மரபுகள் வரும். ராஜாவும் கோட்டையும் தொடக்கக் கட்டங்களில் நின்றால், கோட்டை கட்டும் உரிமை உண்டு என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே மறுக்கலாம். உதாரணமாக, கறுப்பிடம் ஈ8-ல் ராஜா, எச்8-ல் கோட்டை, ஏ7-ல் அசையாத ஒரு சிப்பாய், வேறெதுவும் இல்லை. இப்போது வெள்ளையின் முறை. கடைசியாக நகர்ந்தது கறுப்பு, சிப்பாயோ நகரவில்லை. அப்படியானால் ராஜா அல்லது கோட்டை நகர்ந்திருக்கிறது, உரிமை போய்விட்டது. இப்படி நிரூபிக்க முடியாதவரை உரிமை உண்டு. போகிற போக்கில் வெட்டுவதற்கோ நேர்மாறு: எதிரிச் சிப்பாய் இப்போதுதான் இரண்டு கட்டம் தாவியது என்று ஐயமற நிரூபித்தால்தான் வெட்டலாம். ஒன்றில் சந்தேகத்தின் பலன் உனக்கு. இன்னொன்றில் நிரூபிக்கும் பாரம் உன் தலையில்.

சொந்தக் கட்டத்தில் நின்ற பாட்டிக்கு முதல் மரபல்லவா பொருந்தியிருக்க வேண்டும்? நடைமுறையில் கிடைத்தது இரண்டாவது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லி விளக்க வேண்டிய அளவுக்கு அவருக்கு அது தெரியாத விஷயமும் அல்ல.

2024-ல் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் பட்டத்துக்காக நம் சென்னைப் பையன் குகேஷும் டிங் லிரெனும் 14 ஆட்டங்கள் ஆடினார்கள். கேமராக்கள், உலகம் முழுக்க நேரலை எல்லாம் இருந்தன. அப்படியும் ஒவ்வொரு நகர்வையும் இருவரும் தாங்களே பேனா பிடித்துத் தாளில் எழுதினார்கள். அதை அந்தச் சிறுமியிடம் சொன்னேன். அவள் அதைத் தன் ஆசிரியரிடம் சொல்ல, இப்போது கோலா தெர்லாவின் சனிக்கிழமை வகுப்பில் ஆளுக்கொரு பயிற்சிப் புத்தகம். இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் கறுப்பு.

போன வாரம் தொலைபேசியில் பேசினாள். "எதிராளி நகர்த்துறதையும் நாமளேதான் எழுதணுமாக்கா?"

"ஆமாம்மா, ரெண்டும்தான்."

"அப்ப அவன் தப்பா ஆடுனாலும் என் நோட்டுல இருக்கும்." கொஞ்சம் யோசித்தாள். "நான் தப்பா ஆடுனா அவன் நோட்டுல இருக்கும். அவன்கிட்ட பென்சில் இல்லக்கா. எங்கிட்ட இருந்த ஒன்ன குடுத்துட்டேன்."